கடைசித் தெருவுக்கு முதல் தண்ணீர்

ஜூலை 8

இன்றைக்கும் பிரகதீஸ்வரி இரண்டாம் பீரியட் பாதியில்தான் வந்தாள். பிசிக்ஸ் சார் கையில் சாக்பீஸோடு திரும்பி, "என்னம்மா, காலேஜுன்னு நெனச்சு வந்துட்டியா?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்க்கு அது தெரியாதே. "சார், அவ தண்ணி லாரி சார். சொன்ன நேரத்துக்கு வந்தா அதுக்கு மரியாதை இல்ல" என்றேன். பிளஸ் ஒன் மொத்தமும் சிரித்தது. சாரும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. குடம் வைத்த ஈரம் சுடிதார் இடுப்பில் வட்டமாக இருந்தது.

என் பக்கத்தில்தான் அவள் இடம். சாயங்காலம் வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜூலை 9

மதியம் பேசினாள். பேசினாள் என்றால், திட்டினாள்.

அவள் அப்பா இறந்து வருஷக்கணக்காகிறது. அம்மா உண்ணாமலையை மில் வேன் ஆறு மணிக்கே ஏற்றிக்கொண்டு போய்விடும். தொட்டியில் தண்ணீர் திறப்பது ஆறரைக்கு. ஊர் முழுக்க ஒரே குழாய். முதலில் எங்கள் மாதா கோவில் தெரு, அப்புறம் நடுத்தெரு, கடைசியில் அவர்களுடைய கிழக்குத் தெரு. எல்லோரும் பிடித்து முடித்த பிறகு ஒழுகுவதை இவள் பிடித்து வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் இருக்கிற குளத்தூருக்கு அடுத்த பஸ் ஏற வேண்டும்.

"ஒங்க மாடித் தொட்டி நெறஞ்சு வழியிற சத்தம் எனக்குக் கேக்கும்டி. அப்ப எங்க கொழாயில காத்துதான் வரும். அதுவும் விசிலடிச்சுக்கிட்டு வரும்."

அதோடு ஒன்று சொன்னாள். காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு திருப்பூர் மாமா வீட்டுக்குப் போகிறார்களாம்.

"அங்க எந்த ஸ்கூலு?"

"ஸ்கூலா? அம்மாவுக்கு கம்பெனி வேலை. எனக்கும் பாத்து வச்சிருக்காராம்."

பிசிக்ஸில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறவள். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஜூலை 13

எங்கள் மாடித் தொட்டி வழிவது உண்மை. தெருக்குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறோம். அரைக் குதிரைத் திறன். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு அரைக் குதிரை நிற்கிறது. முன்பாதி தண்ணீர் குடிக்கிறது, பின்பாதி எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

அப்பாவிடம் கேட்டேன். அப்பா ஆரோக்கியதாஸ், அரசு பஸ் கண்டக்டர். "நம்ம மோட்டாரைக் கழட்டுனா என்னப்பா?"

"நான் கழட்டுனா எதுத்த வீட்டுக்காரன் மாடிக்கு ஏறும். கெழக்குத் தெருவுக்கா போகும்?"

சரியாகத்தான் சொல்கிறார். அதுதான் எரிச்சல். ஒருவர் மட்டும் நல்லவராக இருந்தால் பக்கத்து வீட்டுக்குத்தான் லாபம். எல்லோரும் ஒரே நாளில் கழற்ற வேண்டும். யார் சொன்னால் கழற்றுவார்கள்?

ஆகஸ்ட் 15

கொடி, மிட்டாய், கிராம சபை.

ஊராட்சித் தலைவர் அழகம்மாள் எழுந்து, கிழக்குத் தெருவுக்கென்று தனியாக ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டப் போவதாகச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். கிழக்குத் தெருவும் தட்டியது. நான் கை தூக்கினேன்.

"தலைவரம்மா, நம்ம ஊர்ல ரெண்டு தொட்டி இருக்கு. ஒண்ணுல தண்ணி, ஒண்ணுல புறா. மூணாவதுல என்ன வளக்கப் போறோம்?"

"புது போர் போடுவோம்."

"ரெண்டாவது தொட்டிக்குப் போட்ட போர்ல பாறைப் பொடிதானே பறந்துச்சு?"

"ஒங்கப்பன் டிக்கெட்டைக் கிழிக்கிறாரு. நீ என்னையக் கிழிக்கிறியா? ஓட்டு வந்ததும் வாடி, அப்பக் கேளு."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. நல்ல அடிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேள்விக்குப் பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 16

தொட்டி என்றால் மேலே பெரிதாகப் பெயர் எழுதலாம். மண்ணுக்குள் போகிற குழாயில் யார் பெயரை எழுதுவது? அதனால்தான் எல்லோருக்கும் தொட்டி பிடிக்கிறது.

ஆகஸ்ட் 24

செம்மல் அண்ணன் வந்தான். சித்தி மகன், புதுக்கோட்டையில் ஐ.டி.ஐ. எலக்ட்ரிகல். யாரோ தூக்கிப் போட்ட ஒரு யு.பி.எஸ். பெட்டியைக் கொண்டு வந்திருந்தான். அதற்குக் கரண்ட் சேமிக்கத் தெரியவில்லை. அலறத் தெரிகிறது. எங்கள் தெரு நாய் ஓடியே போய்விட்டது.

அந்த அலறலைக் கேட்டதும் எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. உடைந்த டிஷ் ஆண்டெனாவின் மூக்கை அதன் தலையில் ஒட்டினோம். ஒரு சிவப்பு விளக்கு. கைப்பிடிக்கு அடியில், கட்டை விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சுவிட்ச். வெப்பத்தை அளந்தால் வெப்பமானி. இது உறிஞ்சுவதை அளக்கும். எனவே, உறிஞ்சுமானி.

எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வாயால் பொய் சொல்லக் கூடாது. யார் கேட்டாலும் "ஸ்கூல் ப்ராஜெக்ட்". மிச்சத்தை ஊரே சொல்லிக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 25

பூசை முடிந்ததும் இறங்கினோம். முதல் அலறல் எங்கள் வீட்டில்தான். இல்லாவிட்டால் சந்தேகம் வருமே.

அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "அய்யய்யோ, இது ஏண்டி இப்பிடிக் கத்துது?"

"தெருக்கொழாயில மோட்டார் இருந்தா கத்தும்மா."

"அத அங்கிட்டுக் கொண்டு போடி!"

அங்கிட்டும் கத்தியது. வரிசையாகக் கத்தியது. தலைவரம்மா வீட்டு வாசலில் செம்மல் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினான். மதியத்துக்குள் பி.டி.ஓ. ஆபீஸிலிருந்து மெஷின் வந்திருப்பதாகப் பேச்சு. சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு வளர்ந்து, கத்திய வீட்டுக்கெல்லாம் இணைப்பை வெட்டப் போகிறார்கள் என்று ஆகிவிட்டது. சத்தியமாக நான் சொல்லவில்லை.

இருட்டுவதற்குள் தெரு முழுக்க ஸ்பேனர் சத்தம். அப்பாவும் குனிந்து உட்கார்ந்து கழற்றிக்கொண்டிருந்தார். நான் டார்ச் பிடித்தேன்.

ஆகஸ்ட் 27

பிரகதி முதல் பெல்லுக்கு முன்னால் வந்தாள்!! தலையெல்லாம் பின்னி, பூ வைத்து. "ஏழு மணிக்கே எல்லாக் கொடமும் ரொம்பிருச்சுடி. என்ன செய்யிறதுன்னு தெரியாம வாசலைக் கழுவி விட்டேன்" என்றாள்.

ஆகஸ்ட் 29

தொட்டி வால்வைத் திறக்கும் மலையாண்டி அண்ணனை வழியில் பார்த்தேன். குழம்பிப் போயிருந்தார். "நான் தெறக்குறது என்னைக்கும் தெறக்குற தண்ணிதான் பாப்பா. இப்ப எப்பிடிக் கடைசி வீடு வரைக்கும் போவுது?"

இதை இரண்டு தரம் படித்துப் பார்க்கிறேன். அதே தண்ணீர். அதே குழாய். அதே தொட்டி. கிழக்குத் தெருவுக்குக் குறையாக இருந்தது தொட்டி இல்லை!

செப்டம்பர் 1

பேராசை. எங்கள் தெருவோடு நிறுத்தியிருக்க வேண்டும். நடுத்தெருவிலும் மோட்டார் இருக்கிறது என்று போனோம்.

காத்தாயி அத்தை வீட்டு வாசலில் ஆடு முட்ட வந்தது. செம்மல் பயந்து பின்னால் நகர்ந்தான். கட்டை விரல் அழுந்திவிட்டது. உறிஞ்சுமானி ஊருக்கே கேட்கும்படி அலறியது. அத்தை வெளியே வந்தார். குடிசை. உள்ளே ஒரே ஒரு பல்பு.

"ஒத்த பல்பே கண்ணைச் சிமிட்டிக்கிட்டு எரியுது. மோட்டாரு எங்கடி வச்சிருக்கேன்? ஆட்டு வயித்துக்குள்ளயா? வா, வந்து தேடு!"

கூட்டம் கூடிவிட்டது. யாரோ பெட்டியைப் பிடுங்கினார்கள். கைப்பிடிக்கு அடியில் சுவிட்ச். அழுத்தினார்கள். கத்தியது. விட்டார்கள். நின்றது. மறுபடி அழுத்தினார்கள்.

அவ்வளவுதான்.

செப்டம்பர் 2

எல்லா மோட்டாரும் திரும்ப மாட்டியாகிவிட்டது. எங்கள் வீட்டிலும்.

அப்பாவை ஊராட்சி ஆபீசுக்குக் கூப்பிட்டு வைத்துப் பேசியிருக்கிறார்கள். வந்து என்னை அடிக்கவில்லை. "பஸ்ல சில்லறைக்கு வாங்குற பேச்சு பத்தாதா எனக்கு?" என்று மட்டும் கேட்டார். அடித்திருக்கலாம்.

பிரகதி இரண்டாம் பீரியடுக்கு வந்தாள். ஈரத்தோடு. "காட்டிட்டு நிறுத்துனதுக்கு நீ காட்டாமலே இருந்திருக்கலாம்."

என்ன சொல்வது? ஸாரியா? ஸாரியைக் குடத்தில் ஊற்ற முடியுமா — போடி ஷர்லி. ஒன் வாயும் நீயும்.

செப்டம்பர் 5

அழுதது போதும். யோசி.

பயம் காட்டிக் கழற்ற வைத்தேன். பயம் பேட்டரி மாதிரி, சீக்கிரம் தீர்ந்துவிடும். மெஷின் கத்தாத நாளிலும் நிற்கிற ஏற்பாடு வேண்டும். எல்லோரும் நல்லவர்களாக மாறினால்தான் வேலை செய்யும் என்றால் அது ஏற்பாடே இல்லை, அது ஜெபம்.

தொட்டியடிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருந்தே தெருவுக்கு ஒரு லைனாக மூன்று லைன், மூன்று வால்வு போட்டால் என்ன? கிழக்குத் தெருவுக்கு முதலில் திறந்தால் அந்த நேரத்தில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீரே இருக்காது. அரைக் குதிரை என்ன, முழுக் குதிரையே கட்டினாலும் காற்றைத்தான் குடிக்கும். குழாய் பதிக்கிற செலவு, தொட்டிச் செலவில் ஒரு ஓரம்கூட வராது என்கிறான் செம்மல்.

அப்படியென்றால் எங்கள் தெருக்காரர்கள் மாடிக்கு எப்படி ஏற்றுவார்கள்? வாசலில் பள்ளம் தோண்டி இரண்டு கிணற்று உறையை இறக்கினால் தரைத் தொட்டி. தண்ணீர் தானாக வந்து விழும். அதிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றிக்கொள்ளட்டும். அது அவரவர் தண்ணீர்.

செப்டம்பர் 8

மாதா கோவில் திருவிழா.

இன்னொன்று உறுத்திக்கொண்டே இருந்தது. போன வருஷம் போர் மோட்டார் எரிந்து, சரி செய்யப் பணமில்லாமல் பத்து நாளைக்கு மேல் ஊரே பக்கத்து ஊர்க் கிணற்றுக்கு நடந்தது. புதுசாகக் கட்டப் பணம் வருகிறது. பழசை ஓட்டப் பணமில்லை. தண்ணீர் வரி என்று ஊராட்சி கேட்பதை யாரும் கட்டுவதில்லை. எங்கள் அப்பா உட்பட.

இன்று மைக்கில் திருவிழா வரி கட்டியவர்கள் பெயரை வாசித்தார்கள். "ஆரோக்கியதாஸ், முழு வரி" என்றதும் அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார், யாருக்காவது கேட்காமல் போயிருக்குமோ என்று. அய்யனார் கோவிலுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற தலைக்கட்டு வரியும் இப்படித்தான். கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள். பெயர் மைக்கில் வராவிட்டால் ஊருக்குள் தலை காட்ட முடியாது.

தண்ணீருக்கும் ஏன் மைக்கில் வாசிக்கக் கூடாது???

பிரகதிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எங்கம்மா பேரை எப்பிடி வாசிப்பாங்க தெரியுமா? 'உண்ணாமலை, அரை'. ஆம்பள இல்லாத வீடுன்னா அரைத் தலைக்கட்டு. வரி பாதி. கூட்டத்துல பேச்சு சுத்தமா கெடையாது" என்றாள்.

செப்டம்பர் 14

தலைவரம்மா வீட்டுக்குப் போனேன். பெட்டி இல்லாமல், செம்மல் இல்லாமல், ஜோக்கும் இல்லாமல்.

"வாடி மெஷினு. என் வீட்டு வாசல்ல மட்டும் ஏன் அவ்வளவு நேரம் கத்துச்சு?"

"மன்னிச்சுருங்கம்மா. ஆனா அந்த வாரம் கெழக்குத் தெருவுக்குத் தண்ணி போச்சு. மலையாண்டி அண்ணனைக் கேளுங்க."

"கேட்டுட்டேன்" என்றார். உட்காரச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் முறுக்கு கடித்தபடி கேட்டார். குறுக்கே ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தொட்டிப் பணத்தில் மிச்சம் விழுந்தால் எதற்கு என்று. ஊருணிக்கு வருகிற வாரிக் கால்வாயில் கருவேலம் அடைத்துக் கிடக்கிறது, அதை வெட்டித் தூர் எடுத்தால் மழைத் தண்ணீர் உள்ளே வரும், பக்கத்திலிருக்கிற நம் போரும் கிணறும் ஊறும் என்றேன். தண்ணீர் வருகிற வழியைப் பார்க்காமல் பாத்திரமாக வாங்கி அடுக்கி என்ன செய்வது?

நீளமாகப் பெருமூச்சு விட்டார். "தொட்டின்னா தெறப்பு விழா உண்டு. வால்வுக்கு எவன் வந்து ரிப்பன் வெட்டுவான்? கெழக்குத் தெருவுக்கு நான் வாக்குக் குடுத்தது தொட்டிடி. இப்ப இல்லைன்னா ஏமாத்திட்டேம்பாங்க."

"அவங்களே வேணாம்னு சொன்னா?"

"அவங்கள்ல ஒரு ஆளு சபையில எந்திரிச்சுச் சொல்லட்டும். நீ இல்ல. ஓட்டு இருக்குற ஆளு."

செப்டம்பர் 15

உண்ணாமலை அம்மாவிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருந்தார். "நான் அரைத் தலைக்கட்டு பாப்பா. நான் பேசுனா எவன் கேப்பான்?" அவ்வளவுதான் பதில்.

அரையாம். எனக்குத் தெரிந்து ஊரில் முழுதாக இருக்கிற ஆள் அவர்தான்.

செப்டம்பர் 21

மறுபடி போனேன். இல்லை என்றார்.

செப்டம்பர் 27

பரீட்சை முடிந்தது. ஆபீஸ் வாசலில் டி.சி.க்கு எழுதிக் கொடுக்க பிரகதி பேனா கேட்டாள். என் பேனாவில் இங்க் இல்லை என்றேன். அது பால்பாயின்ட் பேனா. முறைத்தாள். அப்புறம், "என்னையச் சிரிக்க வைக்காம இருடி" என்று சொல்லி அழுதுவிட்டாள். ஆபீஸை மூடிவிட்டார்கள். லீவு முடிந்து வந்து எழுதிக் கொடுப்பாளாம்.

சாயங்காலம் மூன்றாம் முறையாக அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அப்போதுதான் மில் வேனிலிருந்து இறங்கி வந்தார். நான் கெஞ்சவில்லை. கிழக்குத் தெருவில் புது போர் போட்டுப் பாறைப்பொடி வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். வேறொன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 2

முறையாக எழுதப் பார்க்கிறேன்.

காந்தி ஜெயந்திக்கு மில் லீவு. கிராம சபைக்கு உண்ணாமலை அம்மா வந்திருந்தார். பின்வரிசையில், பிரகதியோடு. நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

தலைவரம்மா தொட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டு, "இதுக்குப் பதிலா வேற ஒரு யோசனையும் வந்திருக்கு" என்று மூன்று லைன், தரைத் தொட்டி, வாரி, மைக்கில் வாசிக்கிற மாத வரி எல்லாவற்றையும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது.

எங்கள் தெருவிலிருந்து கூச்சல். "கடைசித் தெருவுக்கு மொதத் தண்ணியா? எந்த ஊரு நியாயம்?" "சாமிக்கு வாசிக்கிற மாதிரி தண்ணிக்கு வாசிப்பீகளா?" நடுவில் ஒருத்தர், "அங்கிட்டுப் பாதி வீடு அரைத் தலைக்கட்டு. அரை வரிக்கு மொதத் தண்ணி கேக்குதாக்கும்?" என்றார்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

உண்ணாமலை அம்மா நடந்து முன்னால் வந்தார். மில்லுக்குக் கொண்டு போகிற பையிலிருந்து பணத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அரைன்னு எழுதுனது நீங்க. நான் கேக்கல. ஒரு மாச வரி எவ்வளவு போடுவீகளோ, முழு வீட்டுக்கு எவ்வளவோ, அத எடுத்துக்கங்க. என் பேருக்கு நேரா முழுசுன்னு எழுதுங்க. எழுதிட்டீகளா? இப்பப் பேசுறேன். எங்களுக்குத் தொட்டி கட்டித் தாரேங்குறீக. தொட்டிய நாங்க குடிக்கவா? வெறுந்தொட்டிய அண்ணாந்து பாத்துக்கிட்டு எம்மவ நிக்கணுமா? தொட்டி வேணாம். காலையில மொதத் தண்ணி குடுங்க. அது போதும்."

அரை வீடு என்று சொன்னவர் செருப்பைத் தேடினார்.

தலைவரம்மா ஊராட்சிச் செயலரைப் பார்த்து, "எழுதுங்க. உண்ணாமலை, முழுசு" என்றார். மைக்கில். ஊர் முழுக்கக் கேட்டது. அப்புறம் சபையைப் பார்த்து, மிக மெதுவாக, "அடுத்து யாரு?" என்றார்.

அதில்தான் இருக்கிறது சூட்சுமம். அரை வீடு முழுசு கட்டிய பிறகு, முழு வீடு கட்டாமல் எப்படி எழுந்து போகும்? முதலில் எழுந்தது எங்கள் அப்பா. நோட்டை நீட்டிவிட்டு, மிச்சச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கிக்கொண்டார். இருபது வருஷமாகச் சில்லறைக்குத் தான் படுகிற பாட்டை யாருக்காவது கொடுக்க வேண்டாமா! பிறகு காத்தாயி அத்தை. "என் வீட்டுல மோட்டாரு இல்லைன்னு சேத்து வாசிங்க" என்றார். வாசித்தார்கள்.

எல்லோரும் கட்டவில்லை. சிலர் நடையைக் கட்டினார்கள். எங்கள் தெருவில் நாலைந்து வீடு இன்னும் முறைக்கிறது. ஆனால் தீர்மானம் நிறைவேறியது. தொட்டி இல்லை. மூன்று லைன். முதலில் கிழக்குத் தெரு. வரிப் பணம் தனிக் கணக்கில், ரிப்பேருக்கு மட்டும். வேறு எதற்கும், திருவிழாவுக்குக் கூட, தொடக் கூடாது.

அக்டோபர் 7

பள்ளி திறந்தது. பிரகதி பேனா கேட்கவில்லை. "பொங்கல் வரைக்கும் பாக்கலாம்னு அம்மா சொல்லிருக்கு" என்றாள். பொங்கல் வரைக்கும்தான். அதற்குள் குழாய் போய்ச் சேர வேண்டும்.

அக்டோபர் 20

எங்கள் வாசலில் பள்ளம். நானும் அப்பாவும் தோண்டினோம். பாறை. அப்பாவுக்கும் எனக்கும் ஒரு வார்த்தைகூட ஒத்துப்போகவில்லை, எந்தப் பக்கம் உறை இறக்குவது என்பதில். கடைசியில் அம்மா காட்டிய இடத்தில் இறக்கினோம்.

நவம்பர் 6

நல்ல மழை. தூர் எடுத்த வாரியில் கலங்கலாகத் தண்ணீர் வந்து ஊருணிக்குள் விழுவதைப் பார்க்க ஊரில் பாதிப் பேர் குடையோடு நின்றார்கள். யாரும் ரிப்பன் வெட்டவில்லை. கிழக்கு லைனில் இன்னும் கொஞ்சம் தூரம் பாக்கி. சேற்றில் தோண்ட முடியவில்லையாம். தினமும் போய் மலையாண்டி அண்ணனை நச்சரிக்கிறேன்.

நவம்பர் 25

மூன்று வால்வும் வைத்தாயிற்று. கிழக்கு லைனில் தண்ணீர் போனது. இரண்டு இடத்தில் பீய்ச்சியடித்தது. நாளை அடைப்பார்கள்.

ஜனவரி 22

நேற்றுக் காலை போர் மோட்டார் எரிந்துவிட்டது. தனிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக் கீரனூரிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். இன்று காலை வழக்கம்போலத் தண்ணீர். யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவில்லை. டீக்கடையில் பேச்சுகூட இல்லை.

பள்ளியில் எனக்கும் பிரகதிக்கும் பெரிய சண்டை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டைக் கொடுக்க மாட்டேன் என்கிறாள். நானே வரைய வேண்டுமாம். என் பீக்கர் படத்தைப் பார்த்து, "இது என்னடி, சொட்டையான தவளையா?" என்றாள். நானும் திருப்பிக் கொடுத்தேன். பெல் அடித்ததிலிருந்து சாயங்காலம் வரை ஓயவில்லை. கடைசி பீரியடில் இரண்டு பேரையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் நிறுத்தவில்லை.

இனிமேல் என்னோடு பேசவே மாட்டாளாம். நாளையிலிருந்து வேறு பெஞ்சாம்.

உட்காரட்டும். நாளைக்கு வருவாள்தானே.